கதவு மூடிய பின்: சிங்கப்பூர் ரயிலில் பெற்றோரைப் பிரிந்த ஐந்து வயதுக் குழந்தை – நிகழ்வு ஆய்வு

நிகழ்வும் இந்தப் பதிவும்

திருப்பூர் மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு குடும்பம் கோடை விடுமுறையில் சிங்கப்பூர் சென்றிருந்தது. அங்கே ஐந்து வயதுப் பெண் குழந்தை மட்டும் எம்.ஆர்.டி. எனப்படும் நகர மெட்ரோ ரயிலுக்குள் ஏறிவிட, மற்றவர்கள் ஏறும் முன்பே கதவு மூடி ரயில் புறப்பட்டுவிட்டது. கால் மணி நேரத்துக்குள் குழந்தை தந்தையின் கைக்கு வந்து சேர்ந்தது, யாருக்கும் காயமில்லை. அப்படியிருந்தும் இதை விரிவாக எழுதக் காரணம் உண்டு. அஜாக்கிரதையான குடும்பம் அல்ல இது. குழந்தை கூட்டத்தில் தவறினால் என்ன செய்வது என்று ஊரிலேயே யோசித்து மூன்று முன்னேற்பாடுகளைச் செய்துவிட்டுத்தான் விமானம் ஏறினார்கள். தேவைப்பட்ட அந்தக் கால் மணி நேரத்தில் மூன்றில் ஒன்றுகூட உதவவில்லை.

பயண ஏற்பாட்டுத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், குடும்பத்தார் ஊர் திரும்பிய பின் தாய், தந்தை, பாட்டி மூவரிடமும் தனித்தனியாகக் கேட்டு, அவர்களுடைய சம்மதத்தின் பேரில் இதைப் பதிவு செய்கிறேன். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

குடும்பமும் பயணத் திட்டமும்

தந்தை திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு செக்கிங், பேக்கிங் வேலைகளை ஜாப் ஒர்க்காகச் செய்துகொடுக்கும் சிறிய யூனிட் நடத்துகிறார். தாய் தனியார் பள்ளி ஆசிரியை. ஐந்து வயது மகள், இரண்டு வயது மகன், அறுபதைக் கடந்த அப்பத்தா ஆகியோருடன் மொத்தம் ஐந்து பேர். தாய், தந்தை, பாட்டி மூவருக்கும் அதுவே முதல் வெளிநாட்டுப் பயணம். கோவையிலிருந்து நேரடி விமானம் இருப்பதும், தமிழ் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்றாக இருப்பதும், பாட்டிக்கு ஒத்துக்கொள்ளும் சாப்பாடு கிடைப்பதும் சிங்கப்பூரைத் தேர்ந்தெடுக்கக் காரணங்களாயின. தங்குமிடமும் அதே காரணத்தால் லிட்டில் இந்தியா பகுதியில், சிராங்கூன் சாலையை ஒட்டி எடுக்கப்பட்டது.

இரவு விமானத்தில் சென்று விடியற்காலையில் இறங்கினார்கள். அங்குள்ள நேரம் நம் நேரத்தைவிட இரண்டரை மணி முன்னால் ஓடுவதால், முதல் நாள் முழுவதும் குழந்தைகள் தூக்கக் கலக்கத்திலேயே இருந்தனர். இரண்டாம் நாள் மண்டாய் மிருகக்காட்சி சாலை. மூன்றாம் நாள் செந்தோசா தீவு. அன்று காலையில்தான் நிகழ்வு நடந்தது.

ஊரில் செய்த முன்னேற்பாடுகள்

முதலாவது, தாயின் கைப்பேசி எண்ணை மகளுக்கு மனப்பாடம் செய்வித்தார்கள். பள்ளியில் ரைம்ஸ் சொல்லும் ராகத்திலேயே பத்து இலக்கங்களையும் அவள் பிழையில்லாமல் ஒப்பிப்பாள்.

இரண்டாவது, தங்கும் விடுதியின் பெயரும் முகவரியும் அச்சிட்ட ஓர் அட்டையை பிளாஸ்டிக் உறையிலிட்டு மகளின் முதுகுப்பைக்குள் வைத்தார்கள்.

மூன்றாவது, தந்தை தம் யூனிட்டிலேயே ஐந்து பேருக்கும் ஒரே மஞ்சள் நிறத்தில் டி-ஷர்ட் தைத்து எடுத்துக்கொண்டார். கூட்டத்தில் கண்ணுக்கு உடனே தட்டுப்பட வேண்டும் என்பதே நோக்கம். நல்ல யோசனைதான். அவிநாசித் தேருக்குக் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு போகும் குடும்பத்துக்கு, கூட்டத்தைப் பற்றித் தெரியாமல் இல்லை.

இவர்களுக்குப் பழக்கமில்லாதது தானாக மூடும் கதவு. திருப்பூர் ஸ்டேஷனில் நிற்கும் சேரன் எக்ஸ்பிரஸிலோ கோவைப் பாசஞ்சரிலோ கதவு திறந்தே கிடக்கும். வண்டி நகர ஆரம்பித்தாலும் யாராவது கையை நீட்டித் தூக்கிவிடுவார்கள். அப்படி ஏறுவது தவறு என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தாலும், ரயில் என்றால் அப்படித்தான் என்பது குழந்தையின் மனத்திலும் பெரியவர்களின் உடம்பிலும் பதிந்திருந்தது.

மூன்றாம் நாள் காலை

லிட்டில் இந்தியா நிலையத்திலிருந்து ஹார்பர்ஃபிரண்ட் வரை வடகிழக்குத் தடத்தில் நேராகச் சென்று, அங்கிருந்து செந்தோசாவுக்குப் போவது திட்டம். 2003-இல் திறக்கப்பட்ட அந்தத் தடம் முழுவதும் நிலத்தடியில் ஓட்டுநரில்லாமல் இயங்குவது. நடைமேடை விளிம்பிலும் கண்ணாடித் தடுப்புக் கதவுகள் உண்டு. ரயில் கதவும் தடுப்புக் கதவும் ஒன்றாகத் திறந்து ஒன்றாக மூடும். ஏறாமல் நிற்பவர்களைப் பார்த்துச் சற்றுப் பொறுத்து விசில் ஊதுகிற கார்டு என்று யாருமில்லை.

மஞ்சள் டி-ஷர்ட்டுகள் முந்தைய நாள் மழையில் நனைந்து, குளியலறைக் கம்பியில் காயாமல் தொங்கிக்கொண்டிருந்ததால், அன்று ஆளுக்கொரு நிறத்தில் உடுத்தியிருந்தார்கள். மகளின் முதுகுப்பை, வெயிலில் முதுகு வேர்க்கிறது என்று அவள் சிணுங்கியதால், தம்பியின் தள்ளுவண்டிக் கைப்பிடியில் மாட்டப்பட்டிருந்தது. விடுதி அட்டை அதற்குள்.

நிலையத்தில் பாட்டி நகரும் படிக்கட்டில் கால் வைக்க மறுத்தார். எனவே தள்ளுவண்டியுடன் தாயும் பாட்டியும் மகளும் லிஃப்டில் இறங்கினார்கள். டிக்கெட் கணக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்த தந்தை படிக்கட்டு வழியாகப் பின்னால் வந்தார். நடைமேடைக்கு இவர்கள் வந்து சேர்ந்தபோதே ரயில் கதவுகள் திறந்துதான் இருந்தன. மகளின் கையை அதுவரை பிடித்திருந்த பாட்டி, சேலைத் தலைப்பைச் சரிசெய்யக் கையை விட்டார். குழந்தை, எல்லோரும் பின்னால் வருகிறார்கள் என்ற நம்பிக்கையில், உள்ளே போய்க் காலியாக இருந்த இருக்கையை நோக்கி நடந்துவிட்டாள். தாய் தள்ளுவண்டியின் முன்சக்கரத்தைத் தூக்கி உள்ளே வைக்க முயன்ற நேரத்தில் கதவு மூடும் எச்சரிக்கை ஒலி கேட்டது. மகனுக்கு அடிபடுமோ என்று அவர் வண்டியைப் பின்னுக்கு இழுத்தார், கதவு மூடியது.

“அம்மிணி, பாப்பா உள்ளெ போயிருச்சு!” என்று பாட்டி கூவிய பிறகே தாய் நிமிர்ந்து பார்த்திருக்கிறார். கண்ணாடிக்கு அப்பால் குழந்தை நின்று இவர்களைப் பார்த்தாள். அழவில்லை. ரயில் நகர்ந்தது.

வண்டியைப் பின்னுக்கு இழுத்தது சரியான முடிவே என்பது என் கருத்து. மூடும் கதவுக்கிடையில் தள்ளுவண்டியை நுழைத்து நிறுத்தப் பார்ப்பது இரண்டு குழந்தைகளையும் ஆபத்தில் வைக்கும் செயல்.

பெற்றோர் எடுத்த முடிவுகள்

தந்தை நடைமேடைக்கு வந்தபோது ரயில் போய்விட்டிருந்தது. அவருடைய முதல் எண்ணம், மேலே ஓடி டாக்ஸி பிடித்து அடுத்த நிலையத்துக்குப் போவது. படிக்கட்டில் பாதி ஏறியும்விட்டார். தாய் கூப்பிட்டு நிறுத்தியிருக்கிறார். அவர் சொன்ன காரணம் எளியது: “ஏனுங்க, பாப்பா ரயில்ல போயிருக்குது, ரயில்லயே போங்க, அடுத்த வண்டி இப்ப வந்துரும்.” சில நிமிட இடைவெளியில் வண்டி வரும் தடத்தில், சாலை வழியாகச் செல்வது எந்தக் கணக்கிலும் தாமதம்தான்.

தாய் யோசித்தது இத்துடன் நிற்கவில்லை. குழந்தை அடுத்த நிலையமான டோபி காட்டில் இறங்கலாம். அல்லது யாரும் கவனிக்காமல் உள்ளேயே இருந்துவிடலாம். உள்ளேயே இருந்தால் கடைசியில் ஹார்பர்ஃபிரண்ட் போய்ச் சேருவாள். அது தடத்தின் முனை, அங்கே எல்லோரும் இறங்கியாக வேண்டும். ஆகவே தகவல் போக வேண்டிய இடங்கள் இரண்டு. டோபி காட் மூன்று தடங்கள் சந்திக்கும் பெரிய நிலையம் என்பதால், அங்கே இறங்கிக் கூட்டத்தோடு நடந்துவிட்டால் தேடுவது கடினம் என்பதும் அவருக்கு வரைபடத்தைப் பார்த்ததில் தெரிந்திருந்தது. முந்தைய இரவு மகனைத் தூங்க வைத்துக்கொண்டே அந்த வரைபடத்தைப் பார்த்தாராம்.

இதன்படி, தந்தை அடுத்த ரயிலில் ஏறினார். தாய் பாட்டியையும் மகனையும் அழைத்துக்கொண்டு மேல்தளத்திலுள்ள பயணிகள் சேவை மையத்துக்குச் சென்றார். ஊழியரிடம் சொன்னது மூன்று செய்திகள்: குழந்தையின் வயது, எந்தத் திசையில் போகும் ரயில், எத்தனை நிமிடத்துக்கு முன். பிறகு கைப்பேசியிலிருந்த ஒரு படத்தைக் காட்டினார். காலையில் விடுதி வாசலில் இட்லிப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு மகள் நின்ற படம் அது. அன்றைய உடையும் செருப்பும் அதில் தெளிவாக இருந்தன. ஊழியர் டோபி காட்டுக்கும் ஹார்பர்ஃபிரண்டுக்கும் உடனே தகவல் கொடுத்தார்.

குடும்பத்துக்குள் தொடர்பு அறுந்திருந்தது இந்த இடத்தில்தான் வெளிப்பட்டது. செலவைக் குறைப்பதற்காகத் தந்தையின் கைப்பேசியில் மட்டும் சுற்றுலாப் பயணிகளுக்கான சிங்கப்பூர் சிம் போட்டிருந்தார்கள். தாயின் கைப்பேசியில் இந்திய சிம், ரோமிங் போடவில்லை, விடுதியின் வைஃபை இருந்தால் மட்டும் வாட்ஸ்அப் வேலை செய்யும். தந்தையின் புதிய எட்டு இலக்க எண் தாய்க்குத் தெரியாது. அந்த எண் அச்சிட்டு சிம்முடன் வந்த அட்டை விடுதி அறையில் இருந்தது. இரண்டு பேர் கையிலும் கைப்பேசி இருந்தும், ஒருவரை ஒருவர் அழைக்க முடியவில்லை.

தந்தையின் பக்கம் இன்னொரு தாமதம். படிக்கட்டிலிருந்து ஓடிவந்தவர், தமக்குப் பக்கத்திலிருந்த கதவில் ஏறினார். குழந்தை ஏறியது நடைமேடையின் மறுமுனைக்கு அருகில். ஆறு பெட்டிகள் கொண்ட அந்த ரயில் ஒவ்வொரு நிலையத்திலும் தடுப்புக் கதவுகளுக்கு நேராகவே நிற்பதால், குழந்தை ஏறிய அதே கதவில் ஏறியிருந்தால் அவள் இறங்கிய இடத்திலேயே இறங்கியிருப்பார். டோபி காட்டில் அவர் நடைமேடையின் முழு நீளத்தையும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கடக்க வேண்டியதாயிற்று.

ரயிலுக்குள் நடந்தது

இந்தப் பகுதியின் விவரங்கள், குழந்தைக்கு உதவிய பெண்மணி தந்தையிடம் சொன்னவையும், இரண்டு நாள் கழித்துக் குழந்தை தாயிடம் தானாகச் சொன்னவையும்.

குழந்தை கதவருகிலேயே நின்றிருக்கிறாள். ரயில் திரும்பி வரும் என்று நினைத்தாளாம். வேலைக்குப் போய்க்கொண்டிருந்த நடுத்தர வயதுத் தமிழ்ப் பெண் ஒருவர், குழந்தை தனியாக நிற்பதைக் கவனித்துப் பேச்சுக் கொடுத்தார். பெயரைக் கேட்டதற்கு, வீட்டில் கூப்பிடும் செல்லப் பெயரைத்தான் சொல்லியிருக்கிறாள். பாஸ்போர்ட்டிலுள்ள பெயரைச் சொல்லவில்லை. அம்மா எங்கே என்றதும் கைப்பேசி எண்ணை ராகத்தோடு ஒப்பித்தாள். அந்தப் பெண்மணி அதை அப்படியே அழுத்தினார், இணைப்புக் கிடைக்கவில்லை. இந்திய எண் என்று புரிந்து முன்னால் 91 சேர்த்து மீண்டும் முயன்றார். தொடர்பு எல்லைக்கு வெளியே என்ற பதில் வந்தது. குழந்தை சரியாகப் படித்த பாடம், அந்த ஊரில் செல்லாத எண்ணாக இருந்தது.

அதன் பின் அந்தப் பெண்மணி எடுத்த முடிவுதான் நேரத்தை மிச்சப்படுத்தியது. டோபி காட் வந்ததும் குழந்தையுடன் தாமும் இறங்கினார். மேலே ஊழியரிடம் அழைத்துச் செல்லாமல், இறங்கிய கதவுக்கு எதிரே சுவரோரமாகவே நின்றார். தாய் தந்தையர் அடுத்த ரயிலிலோ அதற்கடுத்ததிலோ வருவார்கள், வந்தால் முதலில் இங்கேதான் தேடுவார்கள் என்பது அவர் கணக்கு. சில ரயில்கள் பார்த்துவிட்டு யாரும் வராவிட்டால் சேவை மையத்துக்குப் போகலாம் என்று இருந்திருக்கிறார். தந்தை வந்து சேர்ந்தபோது நடைமேடைக்கு இறங்கி வந்த நிலைய ஊழியரும் கிட்டத்தட்ட அதே நேரத்தில் அவர்களை அடைந்தார். தந்தைதானா என்பதை உறுதிசெய்ய ஊழியர் இருவரிடமும் ஒன்றிரண்டு கேள்விகள் கேட்டார். பாஸ்போர்ட்கள் விடுதியில் இருந்தன. தந்தையின் கைப்பேசியிலிருந்த குடும்பப் படங்களும், தாயின் இடத்திலிருந்து வந்த விவரமும் பொருந்தியதால் அதிக நேரம் பிடிக்கவில்லை. செய்தி லிட்டில் இந்தியா ஊழியர் வழியாகத் தாய்க்குப் போனது.

தந்தையைப் பார்த்த பிறகுதான் குழந்தை அழுதாள்.

அன்றைய பிற்பகலும் அடுத்த நாள்களும்

செந்தோசாவுக்குத் தேதியிட்டு வாங்கிய நுழைவுச் சீட்டுகள் இருந்தன, பணம் திரும்பாது. தந்தைக்குப் போய்விடலாம் என்ற எண்ணம் இருந்தது. குழந்தை ரயில் கதவைப் பார்த்ததும் தந்தையின் கழுத்தை இறுக்கிக்கொண்டதால், தாய் வேண்டாம் என்றார். லிட்டில் இந்தியாவுக்கு டாக்ஸியில் திரும்பி, சாப்பிட்டுவிட்டு அறைக்குப் போனார்கள். குழந்தை மூன்று மணி நேரம் தூங்கினாள். சீட்டின் விலையை மட்டும் பார்த்திருந்தால் எடுக்க முடியாத முடிவு இது. எடுத்தது நல்லது என்றே நினைக்கிறேன்.

அறையில், கையை விட்டது யார் என்று தந்தை ஒரு முறை கேட்டார். பாட்டி பதில் சொல்லாமல் உட்கார்ந்திருந்தார். “அத்தை மேல ஒண்ணுமில்லீங்க, நாம ஏறுன வரிசைதான் தப்பு” என்று தாய் முடித்துவைத்திருக்கிறார். அந்தப் பதில் ஆறுதலுக்காக மட்டும் சொன்னதல்ல, உண்மையும் அதுதான். தள்ளுவண்டி, வயதானவர், குழந்தை மூன்றையும் ஒருவர் பொறுப்பில் விட்டு, கை காலியாக இருந்தவர் பின்தங்கி வந்தார். மாலையில் சிராங்கூன் சாலையிலுள்ள வீரமாகாளியம்மன் கோயிலுக்கு எல்லோரும் நடந்தே போனார்கள். பாட்டி அங்கே விளக்குப் போட்டதுடன், பண்ணாரி அம்மனுக்கும் காசு முடிந்து வைத்தார்.

நான்காம் நாள் ரயிலை அடியோடு தவிர்த்து, மாடிப் பேருந்தில் தாவரவியல் பூங்காவுக்குப் போனார்கள். 2015-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற அந்தப் பூங்காவுக்கு நுழைவுக் கட்டணமில்லை. மேல்தளத்தின் முன் இருக்கை கிடைத்ததில் மகளின் பயம் பாதி தெளிந்தது. ஐந்தாம் நாள், நெரிசல் இல்லாத முற்பகலில், ஒரே ஒரு நிலையம் மட்டும் ரயிலில் போய்த் திரும்பினார்கள். தந்தை அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறினார். திரும்பும்போது அவளே நடந்து ஏறினாள். ஊர் திரும்பிய பின் சில வாரங்கள், வீட்டில் யாராவது கதவைச் சாத்தினால் உடனே வந்து பார்ப்பாள் என்று தாய் சொன்னார். பள்ளி திறந்த பிறகு அது நின்றுவிட்டது.

மாற்ற வேண்டியவை

முன்னேற்பாடுகள் எல்லாம் ஊரில் செய்யப்பட்டு, ஊரிலேயே சரிபார்க்கப்பட்டவை. போய் இறங்கிய இடத்தில் ஒரு முறை சோதித்திருந்தால் எண் செல்லாது என்பது முதல் நாளே தெரிந்திருக்கும். விமான நிலையத்தில் சிம் வாங்கியவுடன், வேறொருவர் கைப்பேசியிலிருந்தோ விடுதித் தொலைபேசியிலிருந்தோ குழந்தைக்குத் தெரிந்த எண்ணை அழைத்துப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும். மிச்சம் பிடிக்க வேண்டிய செலவு இதுவல்ல: பெரியவர்கள் பிரிய நேரிடக்கூடிய பயணத்தில் இருவருக்கும் இயங்கும் எண் இருந்தாக வேண்டும். குழந்தை மனப்பாடம் செய்த எண்ணுக்கு அந்த ஆறு நாளும் ரோமிங் போட்டு வைப்பதே நேரான வழி. ஐந்து வயதுக் குழந்தைக்கு விமானம் இறங்கிய அன்று புதிய எண்ணைக் கற்பிக்க முடியாது.

விடுதி அட்டை பையில் இருந்தது. பை வண்டியில் இருந்தது. கழற்றக்கூடிய எதிலும் வைப்பது வைக்காததற்குச் சமம். கையில் பேனாவால் எழுதலாம் என்பார்கள். அந்த ஊர்ப் புழுக்கத்தில் மதியத்துக்குள் வேர்வையில் கரைந்துவிடும். இந்தக் குடும்பம் இப்போது கண்டிருக்கும் வழி அவர்களுடைய தொழிலிலிருந்தே வந்தது: உடையின் உள்பக்கம், சலவைக் குறிப்பு லேபிள் வைக்கும் இடத்தில், நாட்டுக் குறியீட்டுடன் தாயின் எண் அச்சிட்ட ஒரு லேபிளைத் தைத்துவிடுகிறார்கள். அதில் உள்ளூர் எண்ணை அழியாத மையில் எழுத ஒரு வரி காலியாக விடப்பட்டிருக்கிறது. பெயரை வெளியே தெரியும்படி எழுதாமலிருப்பது நல்லது. முன்பின் தெரியாதவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் குழந்தை நம்பிவிடும். அந்த லேபிள் இருப்பதைக் குழந்தைக்குச் சொல்லி, யாரிடம் காட்ட வேண்டும் என்பதையும் சொல்லி வைக்க வேண்டும்.

ஏறும் வரிசையை நிலையத்துக்குப் போகும் முன்பே பேசி வைக்க வேண்டும். என் பரிந்துரை, கை காலியாக உள்ள பெரியவர் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு முதலில் ஏறுவது, தள்ளுவண்டி அடுத்து, மற்றவர் கடைசி. கதவு திறந்தே இருக்கும் ரயிலைப் பிடிக்க ஓடாமல் அதை விட்டுவிட்டு, அடுத்த வண்டிக்கு வரிசையாக நிற்பது இன்னும் நல்லது. பிரிந்துவிட்டால், பெரியவர் குழந்தை ஏறிய அதே கதவில் அடுத்த ரயிலில் ஏற வேண்டும். மற்றவர் ஊழியரிடம் போய், அடுத்த நிலையம், தடத்தின் முனை இரண்டுக்கும் தகவல் கேட்க வேண்டும். அன்றன்று காலையில் குழந்தையை முழு உடையும் தெரியப் படமெடுத்து இருவர் கைப்பேசியிலும் வைத்துக்கொள்ளலாம்.

குழந்தைக்கு என்ன சொல்லிக்கொடுப்பது என்பதில் நானும் தாயும் முழுதாக ஒத்துப்போகவில்லை. அடுத்த நிலையத்தில் இறங்கி அங்கேயே நில் என்று சொல்லிவிட வேண்டும் என்பது அவர் கட்சி. பெரியவர்களுக்கும் பத்து வயதுக் குழந்தைக்கும் அது சரி. ஐந்து வயதுக் குழந்தை தனியாக இறங்கிக் கூட்டத்தில் நிற்பதைவிட, ரயிலுக்குள் குழந்தையோடு இருக்கும் ஒரு பெண்ணிடமோ சீருடை அணிந்தவரிடமோ போய் ‘அம்மா வெளியே இருக்காங்க’ என்று சொல்வதே அவளால் முடியக்கூடியது என்பது என் எண்ணம். உதவிய பெண்மணி அங்கே இல்லாதிருந்தால் அவள் இறங்கியிருப்பாளா என்பதைக் குழந்தையிடமே கேட்டோம். அவள் தோளைக் குலுக்கினாள்.

எதைச் சொல்லிக்கொடுத்தாலும் ஊரிலேயே ஒரு முறை செய்து காட்டுவது அவசியம். கோவை, சென்னை இடையே 2023 ஏப்ரல் முதல் ஓடும் வந்தே பாரத் ரயிலுக்கும் தானியங்கிக் கதவுதான். சென்னை நோக்கிப் போகும்போது திருப்பூரில் அப்படிக் கதவு மூடிக்கொண்டால் ஈரோட்டில்தான் திறக்கும். சென்னை மெட்ரோவில் ஒரு நாள் ஏறி இறங்கினால் அதைவிட எளிதாகப் பழகும். இரண்டு வயதுத் தம்பிக்கு இந்தப் பயிற்சிகள் எதுவும் பொருந்தாது. அவனைப் பொறுத்தவரை தள்ளுவண்டியின் பட்டையைப் போடுவதும், ரயிலுக்குள் நுழைந்த பிறகும் அதைக் கழற்றாமலிருப்பதும் மட்டுமே பெரியவர்கள் செய்யக்கூடியது.